பால்மரமும் பந்தயக் காரும்

1957-ஆம் ஆண்டு ஜெர்மன் கிராண்ட் பிரீ பந்தயத்தின் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. சிவப்பு மசராட்டி 250எஃப் காரில், மார்பு வரை வெளியே தெரிய உட்கார்ந்திருப்பார் ஹுவான் மானுவல் ஃபாங்கியோ. வயது 46. பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கைகளையோ காரின் நீண்ட மூக்கையோ பார்ப்பார்கள். என் கண் முதலில் போவது டயருக்கு. அந்த முன்சக்கர டயர், கோலாலம்பூரில் இன்று ஓடும் சாதாரண புரோட்டோன் சாகாவின் டயரைவிட ஒல்லி. அதை நம்பித்தான் அந்த மனிதர் 22.8 கிலோமீட்டர் நீளமான நூர்பர்க்ரிங் மலைத்தடத்தை 22 முறை சுற்றினார்.

பாதி டாங்க் பெட்ரோலோடு கிளம்பி, எடை குறைந்த வண்டியில் முன்னால் ஓடி, நடுவில் ஒரு முறை நின்று பெட்ரோலும் புது டயரும் போட்டுக்கொள்வது அவருடைய திட்டம். ஃபெராரி ஓட்டிய மைக் ஹாதார்னும் பீட்டர் காலின்ஸும் நிற்காமலேயே முடிப்பது என்று வந்திருந்தார்கள். ஃபாங்கியோ நின்றார். தடத்தோரம் வண்டியைக் கவனிக்கும் இடமான பிட்டில் வேலை இழுத்துவிட்டது. சேர்த்து வைத்திருந்த முன்னிலை முழுவதும் போய், அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கித்தான் வெளியே வந்தார். அதன்பிறகு சுற்றுக்குச் சுற்று தடத்தின் சாதனை நேரத்தை உடைத்துக்கொண்டே வந்தார். தகுதிச் சுற்றில் அவர் எடுத்த நேரம் 9 நிமிடம் 25.6 வினாடி. பந்தயத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சுற்றை 9 நிமிடம் 17.4 வினாடியில் முடித்தார். கடைசிக்கு முந்தைய சுற்றில் இரண்டு ஃபெராரிகளையும் தாண்டினார். வென்றது 4 வினாடிக்கும் குறைவான இடைவெளியில். ஐந்தாவது உலகப் பட்டம் அன்றைக்கே உறுதியானது. உலகப் பட்டத் தொடரில் அவர் வென்ற கடைசி கிராண்ட் பிரீயும் அதுதான்.

இந்தக் கதையைப் பல பேர் எழுதியிருக்கிறார்கள். ஒல்லி டயரில் அது எப்படி முடிந்தது என்பதுதான் என்னை இழுக்கிற கேள்வி. வளைவில் போகும் எந்த ரப்பர் சக்கரமும், அது பார்க்கிற திசையில் நேராகப் போவதில்லை. கொஞ்சம் சறுக்கிக்கொண்டேதான் போகும். சக்கரம் பார்க்கும் திசைக்கும் உண்மையில் வண்டி போகும் திசைக்கும் நடுவே ஒரு கோணம் இருக்கும். இன்றைய அகலமான பந்தய டயர் மிகச் சிறிய கோணத்திலேயே தன் முழுப் பிடியையும் காட்டிவிடும். அதைத் தாண்டினால் சட்டென்று கைவிட்டுவிடும். அந்தக் காலத்து டயரில் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும். பக்கச்சுவர் நன்றாக வளையும். அது பெரிய கோணம் வரை பிடித்துக்கொண்டே வரும், பிடி குறைவதையும் படிப்படியாகச் சொல்லும். அதனால் ஓட்டுநர் நான்கு சக்கரமும் சேர்ந்து சறுக்கும்படி காரை வளைவுக்குள் எறிந்துவிட்டு, மிச்சத்தை ஆக்சிலரேட்டரால் திருத்த முடிந்தது. பழைய படச்சுருள்களில் ஸ்டீயரிங்கை விடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். ரப்பர் ஒரு சேதி சொல்கிறது, கை அதற்குப் பதில் சொல்கிறது. அந்தப் பதில்களைத்தான் நான் பார்க்கிறேன். இன்றைய பந்தயம் வேகத்தில் மிகவும் உயர்ந்தது, பாதுகாப்பிலும் உயர்ந்தது. ஆனால் ஓட்டுநரின் உடல் செய்கிற வேலையை வெளியிலிருந்து ஒரு பார்வையாளன் இவ்வளவு தெளிவாகப் படிக்க முடிந்தது அந்த ஒல்லி டயர் காலத்தில்தான்.

சரி, அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது?

என் பாட்டி கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். இருட்டு விலகும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாகத் தன் மரவரிசையான நிரைக்குப் போகவேண்டும். மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பது விடியற்காலையில்தான். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த அவசரம். பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. மங்கு என்கிற கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். அங்கிருந்து மூட்டையாகிப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம். இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. அங்கே கப்பல் ஏறிய பிறகு என்ன ஆகிறது என்று தோட்டத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நாடுகளில் மலாயா முன்னணியில் இருந்தது. டன்லப் கம்பெனி மலாயாவில் சொந்தமாகப் பெரிய தோட்டங்களை வைத்திருந்தது. அதே டன்லப்தான் பந்தய டயரும் செய்தது. 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஜகுவார் டி-டைப் கார் ஓடியது டன்லப் டயரில். அதன் டிஸ்க் பிரேக்கும் டன்லப் செய்ததே. குறிப்பிட்ட ஒரு டயரைக் காட்டி இது இந்தத் தோட்டத்துப் பால் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லவும் தேவையில்லை. பந்தய வரலாற்றில் பொறியாளர் பெயர் இருக்கிறது, ஓட்டுநர் பெயர் இருக்கிறது, பணம் போட்ட பிரபு பெயர்கூட இருக்கிறது. தரையைத் தொட்ட அந்த ஒரே பொருளை மரத்திலிருந்து இறக்கியவர்கள் பெயர் இல்லை. டி-டைப் படத்தை நான் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். பழைய பந்தயக் கார் ஏதோ ஐரோப்பியப் பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான், நமக்கும் அதற்கும் என்ன என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்லும் முதல் பதிலும் இதுதான்.

ரப்பரின் கதை அதோடு நின்றுவிடவும் இல்லை. 1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து அறுந்துபோனது. அமெரிக்கா அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் தொழிற்சாலைகளைக் கட்டியது. போர் முடிந்தும் அந்த ஆராய்ச்சி நிற்கவில்லை. இயற்கை ரப்பரை அழுத்தினால், கொடுத்த சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் ரப்பர் பந்து அவ்வளவு குதிக்கிறது, டயரும் அதிகம் சூடாவதில்லை. ஆனால் சாலையைப் பிடிக்க அந்தக் குணம் உதவாது. சக்தியைத் தனக்குள் விழுங்கிக்கொள்ளும் ரப்பர்தான் ஈரத் தரையின் மேடு பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும். 1960-ஐ ஒட்டி அப்படிப்பட்ட செயற்கைக் கலவைகள் பந்தயத்துக்கு வந்தன. பத்தே ஆண்டில் டயரும் அகலமாகிக்கொண்டே போய், ஃபாங்கியோ காலத்துச் சறுக்கல் ஓட்டம் மறைந்தது. ஒரு விளையாட்டின் அழகு மாறியதற்குப் பின்னால் ஒரு போரும் எங்கள் தோட்டங்களும் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய பந்தய எஞ்சின் ஓடும்போது பின்னால் நின்றால் ஒரு வாசனை வரும். இனிப்பாக, கொஞ்சம் கனமாக. அது ஆமணக்கு எண்ணெய். கேஸ்ட்ரால் ஆர் என்கிற பந்தய எண்ணெயின் அடிப்படையே ஆமணக்குதான். அந்தக் காலத்துக் கனிம எண்ணெய்கள் சூட்டில் இளகித் தண்ணீராகும்போது, ஆமணக்கு எண்ணெய் உலோகத்தின்மேல் படலமாகப் பிடித்து நின்றது. பந்தயம் முடிந்ததும் வடித்துவிடவேண்டும், இல்லையென்றால் பிசினாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ரசிகர்கள் இந்த வாசனையைப் பற்றிக் கண்கலங்க எழுதுவார்கள். நமக்கு அது விளக்கெண்ணெய். குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்தது, உச்சந்தலையில் வைத்தது, கண்ணில் ஒரு சொட்டு விட்டது. ஒரு பழைய கார்க் கண்காட்சியில் அந்தப் புகை என் மூக்கில் ஏறியபோது, பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், "யாரு இங்க விளக்கெண்ணெய காய்ச்சுறாங்க?" என்று கேட்டார். அவர் மூக்கு சரியாகத்தான் சொன்னது.

ஆமணக்கு எண்ணெய் வாசனையோடு சேர்த்து எண்ணவேண்டிய ஒரு பெயர் உண்டு. சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் இளவரசர் பீரா. நம் பக்கத்து நாட்டுக்காரர். 1914-ல் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, சிற்பக்கலை பயின்று, அப்புறம் பந்தயத்துக்கு வந்தவர். அவருடைய உறவினர் இளவரசர் சூலா, பீராவின் 21-வது பிறந்தநாளுக்கு ஈ.ஆர்.ஏ. என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் பந்தயக் காரைப் பரிசாகக் கொடுத்தார். அதற்கு ரோமுலஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு வந்த இரண்டு கார்களுக்கு ரீமஸ், ஹனுமான். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கட்டிய ஒரு பந்தயக் கார் நம் அனுமாரின் பெயரில் ஐரோப்பாவில் ஓடியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிற செய்தி. சயாமின் பந்தய நிறம் வெளிர் நீலமும் மஞ்சளும். 1936-ல் மொனாக்கோவில் நடந்த இளவரசர் ரெனியே கோப்பையை பீரா ரோமுலஸில் வென்றார். அவர் ஃபார்முலா ஒன்னில் கடைசியாக ஓடியது 1954-ல். அடுத்து ஒரு தென்கிழக்காசியர் அந்த வரிசையில் வந்து நிற்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் மினார்டி குழுவின் காரை ஓட்டிய நம் மலேசியர் அலெக்ஸ் யூங்.

ஈ.ஆர்.ஏ. காரின் கியர்பாக்ஸைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். அடுத்து வேண்டிய கியரை ஒரு சின்ன நெம்புகோலால் முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிடுவார்கள். வளைவு வந்ததும் பெடலை மிதித்தால் போதும், கியர் மாறிவிடும். கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கும். எடை கூடுதல்தான், ஆனால் கியர் பற்கள் உரசிக் கெடும் கவலை இல்லை. இன்றைக்கு ஸ்டீயரிங்கின் பின்னால் விரலால் தட்டுகிற துடுப்புகளைப் புதுமை என்று நினைக்கிறோம். கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் கியர் மாற்றவேண்டும் என்ற ஆசைக்கு 90 வயது. போருக்கு முன் கட்டிய ஈ.ஆர்.ஏ. கார்கள் சொற்பம்தான். அவற்றில் பெரும்பாலானவை இன்னும் பந்தயத்தில் ஓடுகின்றன.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மலாயாவில் பந்தயம் 1999-ல் சிப்பாங் தடத்தோடு தொடங்கியது என்று நினைக்கிற இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஜொகூர் பாரு தெருக்களில் 1940-லேயே கிராண்ட் பிரீ நடந்திருக்கிறது. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961-ல் பந்தயம் தொடங்கி, 1962-ல் மலேசிய கிராண்ட் பிரீ என்ற பெயரையே வாங்கியது. சிங்கப்பூர் தனி நாடானபின் 1966 முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ ஆனது. ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர். ஒரு பக்கம் நீண்ட நேர் ஓட்டம், மறுபக்கம் பாம்புகள் என்றே பெயர் வாங்கிய அடுத்தடுத்த வளைவுகள். ஓரத்தில் விளக்குக் கம்பம், சாக்கடை, மரம். 1962-ல் யோங் நாம் கீ ஒரு ஜகுவார் ஈ-டைப்பில் வென்றார். 1963-லும் 1965-லும் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன், லோட்டஸ் 23-ல். நடுவில் 1964-ஆம் ஆண்டுப் பந்தயம் மழையால் பாதியில் நின்றுபோனது.

அந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது 1970. நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் அந்த ஆண்டு வென்ற கார் ஃபெராரி 246டி. 2.4 லிட்டர் வி6 எஞ்சின். அதே காரில்தான் 1969-ல் கிறிஸ் ஏமன் ஆஸ்திரேலியா நியூசிலாந்து டாஸ்மன் தொடரை வென்றார். காரை லாரன்ஸ் வாங்கி 1970-ல் தானும் அதே தொடரை வென்றார், அப்புறம் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார். மரனெல்லோவில் பிறந்த உண்மையான ஃபெராரி, நம் பக்கத்துச் சாலையில், சாக்கடை ஓரமாக. 1969 முதல் 1971 வரை மூன்று ஆண்டும் லாரன்ஸ்தான் வெற்றி, மூன்று முறையும் வேறு வேறு கார்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இருந்தது பத்து தீகா. 1968-ல் திறந்த நிரந்தரத் தடம், ஷா ஆலாமில். என் பெரியப்பா அந்தக் காலத்தில் ஜாலான் ஈப்போவில் ஒரு வர்க்‌ஷாப்பில் போர்மேன். அவருடைய முதலாளியான தவ்கே வார இறுதியில் கிளப் பந்தயம் ஓட்டுவார், பெரியப்பா கூடவே போய்விடுவார். பத்து தீகாவைப் பற்றி அவர் சொன்னவற்றில் ஓட்டுநர்கள் பெயர் குறைவாகவும் கார்ப்பரேட்டர் அதிகமாகவும் இருக்கும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்ப்பரேட்டர். ஒரு எஞ்சினில் இரண்டு மூன்று கார்ப்பரேட்டர் இருந்தால் எல்லாம் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். கருவி இல்லாத காலத்தில் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்து, அந்தச் சீறலை ஒப்பிடுவார்கள். "காது கொடுத்துக் கேளுடா தம்பி, அதுவே சொல்லும்" என்பார். அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் உருகிவிடும். கரி பிடித்திருந்தால் அதிகம். தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் சரி.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருந்தது. இங்கே காற்று சூடானது, ஈரமானது. அதனால் அடர்த்தி குறைவு. கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைதான் ஜெட். குளிர் நாட்டில் சரியாக ஓடிய ஜெட் அளவை அப்படியே வைத்துக்கொண்டால் இங்கே பெட்ரோல் கூடிப்போய் எஞ்சின் திணறும். மதிய வெயிலில் ஒரு ஜெட், நாலு மணிக்கு மேகம் கூடியபின் வேறு ஜெட். வெளிநாட்டிலிருந்து வந்த குழுக்கள் பயிற்சி நாளில் குழம்பி நிற்கும்போது உள்ளூர் போர்மேன்கள் சிரித்துக்கொண்டே பித்தளை ஜெட்டுகளை மாற்றிக்கொண்டிருப்பார்களாம். பெரியப்பா இதைச் சொல்லும்போது குரலில் வரும் பெருமையை நான் முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறேன். அந்த அறிவு எந்தக் கையேட்டிலிருந்தும் வந்ததல்ல.

பத்து தீகாவில் ஓடியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. மக்காவ் கிராண்ட் பிரீயை நான்கு முறை வென்ற ஜான் மெக்டொனால்டு இங்கே பலமுறை வென்றிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் வெர்ன் ஷுப்பன் ஓடியிருக்கிறார். பின்னாளில் 1983-ல் லு மான்ஸை வென்ற மூவரில் ஒருவர் அவர். 1977-ல் பாட்ரிக் தம்பே. மோட்டார் சைக்கிளிலிருந்து ஃபார்முலா கார்களுக்கு வந்த நம் சோனி ராஜா பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1985 டிசம்பர் 1-ஆம் தேதி உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றே இங்கே நடந்தது, சிலாங்கூர் 800 கிலோமீட்டர் என்ற பெயரில். போர்ஷே 962சி காரில் ஜாக்கி இக்ஸும் யோகன் மாஸும் வென்றார்கள். லு மான்ஸை ஆறு முறை வென்ற இக்ஸ் ஷா ஆலாம் வெயிலில் ஓட்டி ஜெயித்திருக்கிறார். இதை நம் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயும் அங்கேதான். அப்புறம் சிப்பாங் வந்தது, பத்து தீகாவை இடித்து வீடுகள் கட்டினார்கள்.

பழைய பந்தயங்களைப் பற்றிப் பேசும்போது சாவைப் பேசாமல் விடுவது நேர்மையில்லை. 1955 லு மான்ஸில் ஒரு மெர்சிடிஸ் பார்வையாளர் கூட்டத்துக்குள் பறந்து விழுந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1957 நூர்பர்க்ரிங்கில் ஃபாங்கியோவோடு போட்டியிட்ட காலின்ஸ் அடுத்த ஆண்டு அதே தடத்தில் இறந்தார். ஹாதார்ன் 1958-ல் உலகப் பட்டம் வென்று ஓய்வுபெற்று, சில மாதத்திலேயே சாலை விபத்தில் போய்விட்டார். 1968 ஏப்ரலில் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க். தாம்சன் சாலையிலும் உயிர்கள் போயின. 1973-க்குப் பிறகு அங்கே பந்தயம் இல்லை. அந்த ஆபத்தையே அழகு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. வைக்கோல் கட்டும் தோல் தொப்பியும் பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் அவை யாரையும் காப்பாற்றவில்லை. அந்தக் கார்களை நான் விரும்புவது அவற்றில் மனித வேலை தெரிவதால்.

வேலை என்றால் உடம்புக்கூட்டையும் சொல்லவேண்டும். 1950களின் பந்தயக் கார் அலுமினியத் தகட்டை மணல் நிரப்பிய தோல் பையின்மேல் வைத்து மரச்சுத்தியலால் அடித்து, உருளைக்கு நடுவே இழுத்து இழுத்து மெழுகிய கூடு. இடது பக்கமும் வலது பக்கமும் அளந்தால் ஒன்றாக இருக்காது. கிட்டே போய்ப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அடிகளின் வரிசை லேசாகத் தெரியும். செந்தூல் ரயில்வே பட்டறையில் தகடு வேலை செய்த ஒரு பெரியவரை ஒருமுறை பழைய கார் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் பேட்ஜைப் பார்க்கவில்லை. சக்கர வளைவின் உள்விளிம்பில் விரலை ஓட்டி, எங்கே வெல்டு வைத்து எங்கே அரம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். கார் எந்த நாட்டுக்காரனுடையது என்றே அவர் கேட்கவில்லை. அதைவிட நல்ல ரசிகரை நான் பார்த்ததில்லை.

அதனால்தான் பழைய கார்களைப் புதிதுபோல் பளபளக்கச் செய்து கண்ணாடிக் கூண்டில் வைப்பது எனக்கு உறுத்துகிறது. 2022-ல் ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. அந்த விலைக்கு வாங்கியவர் அதை மழையில் ஓட்டுவாரா? 1955-ல் ஸ்டர்லிங் மாஸும் டெனிஸ் ஜென்கின்சனும் மிலே மிலியா பந்தயத்தில் ஓட்டியது அதே வகையின் திறந்த கார். இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் முடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஜென்கின்சன், வழிக்குறிப்புகளை உருளையில் சுற்றிய நீளக் காகிதத்தில் படித்து, இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் கைச்சாடையால் சொல்லிக்கொண்டே போனார். ஓடுவதற்காகச் செய்த பொருள் அது. ஓடினால் பாகம் தேயும், மாற்றவேண்டும். மாற்ற மாற்ற இது பழைய கார்தானா என்ற கேள்வி வரும். வரட்டும். நேர்மையாகக் குறிப்பெழுதி வைத்து, அந்தக் காலத்து முறையிலேயே செய்த பாகத்தைப் போட்டு ஓட்டுகிற கார், ஒரு பாகமும் மாறாமல் தூங்குகிற காரைவிடப் பழமைக்கு நெருக்கமானது என்பது என் முடிவு. அந்த வேலையைச் செய்யும் கைகளும் அப்போதுதான் பிழைத்திருக்கும். பித்தளை ஜெட் மாற்றத் தெரிந்த போர்மேன்கள் நம் ஊரில் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் பழகிக்கொள்ள ஒரு பையனுக்கு ஓடுகிற கார் வேண்டும்.

சிப்பாங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, ஒரு காலத்தில் செம்பனை நின்ற மண். 1999 அக்டோபர் 17-ல் அங்கே நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை எடி இர்வைன் வென்றார். 2009-ல் மழை கொட்டிப் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, 31 சுற்றுகளையே கணக்கில் எடுத்து, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். 1964 தாம்சன் சாலைக்குப் பிறகும் நம் சாயங்கால மழை யாருக்கும் பணியவில்லை. 2017-ல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்றதோடு ஃபார்முலா ஒன் போய்விட்டது. தடம் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயம் வருகிறது. பழைய கார்கள் அங்கே சுற்ற வரும் நாளில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பெரிய கூரைக்குக் கீழே உட்காராதீர்கள். பிட் சந்துக்குப் போய், எஞ்சின் சூடேற்றும்போது காரின் பின்னால் காற்று வீசும் பக்கமாக நில்லுங்கள். டயரைப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது குனிந்து காது கொடுத்துக்கொண்டிருந்தால், வேலை முடியும்வரை காத்திருந்து பேச்சுக் கொடுங்கள்.

பத்து தீகா விஷயத்தில் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. தடத்தைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை, அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. ஷா ஆலாமில் அந்த இடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு பலகை வேண்டும். தடத்தின் வரைபடம், 1968 என்ற ஆண்டு, மெக்டொனால்டு, ஷுப்பன், சோனி ராஜா, இக்ஸ், மாஸ் பெயர்கள். அவற்றுக்குக் கீழே, ஜாலான் ஈப்போவிலும் செந்தூலிலும் இருந்து அந்தக் கார்களைத் தயார்செய்து கொண்டுபோன போர்மேன்களின் பெயர்கள். அந்தப் பட்டியலைச் சேகரிக்கச் சரியான நேரம் இதுதான். அவர்களில் இளையவருக்கே இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும்.